வேலை நேரத்தில் பாட்டு: எந்த வேலைக்கு உதவுகிறது, எந்த வேலையைக் கெடுக்கிறது

உங்கள் கேள்வியின் சாரம் இது. நாளில் பாதி அறிக்கைகள் எழுதுவதிலும் மறுபாதி வந்த விவரங்களைப் படிவங்களில் ஏற்றுவதிலும் கழிகிறது. காதில் பாட்டு ஓடினால்தான் கை ஓடுகிறது என்பது உங்கள் அனுபவம். உடன் பணிபுரியும் ஒருவரோ பாட்டு கவனத்தைச் சிதைக்கும் என்று அடித்துச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிவங்களை நிரப்பும் நேரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அறிக்கை எழுதும் நேரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. இருவரையும் சமாதானப்படுத்துவதற்காக இப்படிச் சொல்லவில்லை. ஒரு வேலையைச் செய்யும்போது மனத்துக்குள் நாம் பேசிக்கொள்கிறோமா இல்லையா என்பதே இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இசை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, இப்போது கையில் இருக்கும் வேலைக்கு உள்குரல் தேவைப்படுகிறதா என்று கேட்பது பயன்தரும் விடைக்கு இட்டுச் செல்லும்.

உள்குரல் என்று எதைச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன். ஒரு தொலைபேசி எண்ணை யாரோ சொல்ல, அதைக் குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும் கிடைக்கும்வரை நாம் என்ன செய்கிறோம்? உதடு அசையாமல் அதை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் முன்வைத்த நினைவு மாதிரியில் இந்தச் செயலுக்குத் தனி இடம் உண்டு. கேட்ட ஒலியை ஓரிரு வினாடிகள் வைத்திருக்கும் ஒரு சிறு கிடங்கும், அது அழிந்துபோவதற்குள் மறுபடி சொல்லிப் புதுப்பிக்கும் ஓர் உள்ளோட்டமும் சேர்ந்த அமைப்பாக அதை அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் விவரித்தார்கள். எண்ணை நினைவில் வைப்பதற்கு மட்டும் இது பயன்படுவதில்லை. நீளமான வாக்கியம் ஒன்றைப் படிக்கும்போது எழுவாய் எங்கே தொடங்கியது என்பதை வினைமுற்று வரும்வரை பிடித்து வைத்திருப்பதும், எழுதும்போது அடுத்த சொற்றொடரை எழுத்தில் இறக்குவதற்கு முன் ஒருமுறை உள்ளே ஒலித்துப் பார்ப்பதும், மனக்கணக்கில் இடைவிடையை மறக்காமல் சுமந்து செல்வதும் இதே இடத்தில்தான் நடக்கின்றன. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், நம் மொழியில் எழுதுபவரும் படிப்பவரும் இந்தக் கிடங்கை அடிக்கடி நாட வேண்டியிருக்கிறது என்பது மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகளாக நான் உணர்ந்துவரும் ஒன்று.

இந்த இடத்துக்குள் வெளியிலிருந்து வரும் பேச்சு அனுமதி கேட்காமலே நுழைந்துவிடுகிறது என்பதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கண்ணில் படுவது வேண்டாமென்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். செவியை அப்படித் திருப்ப வழியில்லை. ஹெர்பர்ட் கோல், ஆலன் வெல்ஷ் ஆகியோர் 1976இல் செய்த சோதனையில், திரையில் தோன்றிய எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேண்டியவர்களின் காதில், அவர்களுக்குப் புரியாத அயல்மொழியில் ஒரு பகுதி வாசிக்கப்பட்டது. பொருள் புரியாவிட்டாலும், அதைக் கவனிக்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தாலும், பிழைகள் கூடின. "எனக்குத் தெரியாத மொழிப் பாட்டுத்தானே, அது என்ன செய்துவிடும்?" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தெரிந்த மொழிப் பாட்டு பொருளாலும் ஒலியாலும் இழுக்கிறது. தெரியாத மொழிப் பாட்டு ஒலியால் மட்டும் இழுக்கிறது. ஆனால் இரண்டும் இழுக்கின்றன.

பியர் சலாமேயும் பேட்லியும் 1989இல் இசையையே இவ்வகைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். குரலோடு கூடிய இசை, கருவியிசையைவிட அதிகம் இடையூறு செய்தது. கருவியிசை முற்றிலும் குற்றமற்றது என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிலன் ஜோன்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் விரிவாக ஆராய்ந்து சொன்னது, ஒலி பேச்சா இசையா என்பதைவிட அது மாறிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்பது. ஒரே எழுத்து "அ, அ, அ" என்று திரும்பத் திரும்ப ஒலித்தால் நினைவு பெரிதாகக் குலைவதில்லை. "அ, இ, உ" என்று மாறிமாறி ஒலித்தால் குலைகிறது. வரிசையை நினைவில் வைக்கும் மனம், காதில் விழும் மாற்றங்களையும் தன்னையறியாமலேயே வரிசைப்படுத்தத் தொடங்கிவிடுகிறது. இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நீண்டு இழையும் மெல்லிய கருவியிசை குறைவாகவும், விட்டுவிட்டுத் துள்ளும் தாளக் கருவிகள் நிறைந்த இசை அதிகமாகவும் இடையூறு செய்யும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கேதான் பெரும்பாலோர் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். "எனக்குப் பிடித்த பாட்டு, நூறு முறை கேட்ட பாட்டு, அது எப்படி என்னைக் கெடுக்கும்?" பெர்ஹாம், விஸார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாக இதைத்தான் சோதித்தது. பங்கேற்றவர்களுக்குப் பிடித்த இசையையும் பிடிக்காத இசையையும் ஒலிக்கவிட்டு எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கெடுத்தன. அமைதியிலும், மாற்றமில்லாமல் ஒரே ஒலி திரும்ப வந்த நிலையிலும் விடைகள் மேலாக இருந்தன. பிடித்தம் மனநிலையை உயர்த்துகிறது. உள்ளே நடக்கும் மோதலை அது தீர்த்துவைப்பதில்லை.

இந்த முழு விவகாரத்திலும் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது இந்த இடைவெளிதான். வேலை இனிதாகச் சென்றது என்ற உணர்வும் வேலை நன்றாக அமைந்தது என்ற உண்மையும் வேறு வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை அளக்க முடியாது. நான் மெய்ப்புத் திருத்தத் தொடங்கிய காலத்தில், ஒரு நூலின் நான்கைந்து அத்தியாயங்களை எனக்கு மிகவும் பிடித்த பாடல்களைக் கேட்டபடியே ஒரு மாலை முழுவதும் திருத்தினேன். அலுப்பே தெரியவில்லை, வழக்கத்தைவிட விரைவாக முடிந்ததாகவும் தோன்றியது. மறுநாள் காலை அமைதியில் அதே பக்கங்களை மீண்டும் புரட்டியபோது, ஒரு சொற்றொடர் அடுத்தடுத்த வரிகளில் இருமுறை அச்சாகியிருந்ததும், ஒரே ஆளின் பெயர் ஓர் அத்தியாயத்துக்குள்ளேயே இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்ததும் கண்ணில் பட்டன. எழுத்துப்பிழைகளைப் பெரும்பாலும் பிடித்திருந்தேன். அவை கண்ணுக்குத் தெரிபவை. விட்டுப்போனவை எல்லாம், வாக்கியத்தை உள்ளே ஒலித்து முன்வரியோடு ஒப்பிட்டால் மட்டுமே அகப்படக்கூடியவை. அன்று முதல் மெய்ப்பு பார்க்கும்போது பாட்டு வைப்பதில்லை. ஒருவருடைய ஒற்றை அனுபவம் சான்றாகாது என்பதை அறிவேன். ஆயினும் எந்தப் பிழை தப்பியது, எந்தப் பிழை தப்பவில்லை என்ற அந்த வேறுபாடு, மேலே சொன்ன ஆய்வுகளோடு பொருந்துவதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

புதிய யோசனை தோன்ற இசை உதவும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. எம்மா த்ரெட்கோல்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட மூன்று சோதனைகள் இதற்கு மாறான விடையைத் தந்தன. அவர்கள் பயன்படுத்திய புதிர் இவ்வகையானது: மூன்று சொற்கள் தரப்படும், மூன்றோடும் சேரக்கூடிய நான்காவது சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் ஓர் எளிய எடுத்துக்காட்டுச் சொன்னால், தேன், மழை, கண்ணீர் என்ற மூன்றுக்கும் "துளி" பொருந்துவதுபோல. தெரியாத மொழிப் பாடல், வரிகளில்லாத இசை, நன்கு தெரிந்த பாடல் ஆகிய மூன்றுமே அமைதியோடு ஒப்பிடும்போது விடை கண்டுபிடிப்பதைக் குறைத்தன. நூலகத்தில் இயல்பாக எழும் ஒலிகளோ அப்படிக் குறைக்கவில்லை. சொல்லைத் தேடும் படைப்பு முயற்சிக்குத்தான் இந்த முடிவு பொருந்தும். ஓவியம் வரைவது, வடிவமைப்பது போன்றவற்றுக்கு இதை அப்படியே நீட்டக் கூடாது. இருந்தாலும், எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் விளம்பர வாசகம் எழுதுபவரும் நாள்தோறும் செய்வது சொல்லைத் தேடும் வேலைதான் என்பதால், அவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது.

மொசார்ட்டின் இசை அறிவைக் கூர்மையாக்கும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த நம்பிக்கையின் மூலம் 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. பிரான்சிஸ் ரௌஷர், கார்டன் ஷா, கேத்ரின் கை ஆகிய மூவரும் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த அந்தச் சோதனையில், இரு பியானோக்களுக்காக மொசார்ட் எழுதிய சொனாட்டா என்ற இசைப்படைப்பைப் பத்து நிமிடம் கேட்ட பிறகு, மனத்தில் வடிவங்களை மடித்தும் விரித்தும் பார்க்கும் ஒருவகைக் கேள்விகளில் மதிப்பெண் கூடியது; அந்த விளைவு பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குமேல் நீடிக்கவில்லை. பொது அறிவுத்திறன் கூடியது என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படியிருந்தும் செய்தி வளர்ந்து வளர்ந்து, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கக் கோரும் அளவுக்குப் போனது. க்ளென் ஷெல்லன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் பிறகு செய்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. கதை கேட்பதை இசையைவிட விரும்பியவர்களுக்குக் கதை கேட்ட பிறகும் அதே முன்னேற்றம் வந்தது. விறுவிறுப்பையும் மனநிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 2001இல் மறுபடி பார்த்தபோது மொசார்ட்டுக்கென்று தனியாக எதுவும் எஞ்சவில்லை. சோர்ந்திருந்தவர்களை விழிப்புறச் செய்தது எதுவாக இருந்தாலும் அது உதவியது என்பதே அதன் பொருள்.

1993இல் வந்த அந்த மொசார்ட் ஆய்வில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு விவரம் நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது. மாணவர்கள் இசையை வேலைக்கு முன்னால் கேட்டார்கள்; கேள்விகளுக்கு விடையளிக்கும்போது காதில் இசை இல்லை. இசையால் கிடைக்கும் ஊக்கத்தைப் பெற்றுக்கொண்டு, அதற்காக உள்குரலில் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுக்காமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அறிக்கை எழுத உட்காருவதற்குமுன் பத்து நிமிடம் மனதாரப் பாட்டுக் கேளுங்கள். எழுதத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். வரிகள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பாட்டாக இருந்தால், அது உள்ளே தொடர்ந்து ஓடி எழுத்துக்குள் புகுந்துவிடும் என்பதால், கடைசியாகக் கேட்பது கருவியிசையாக இருப்பது நல்லது என்பது என் பழக்கம்.

இனி படிவம் நிரப்பும் நேரத்துக்கு வருகிறேன். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் வேலையில் பகை கவனச்சிதறல் அன்று, சலிப்பு. கை பழகிவிட்ட வேலைக்கு மனத்தின் ஒரு சிறு பகுதி போதும்; மீதிப் பகுதி சும்மா இருக்க மாட்டாமல் எங்கெங்கோ அலையும், தூங்கி வழியும், கடிகாரத்தைப் பார்க்கும். அந்த மீதிக்குத் தீனி போடுவதே இசையின் பணி. இது தொழிற்சாலைகளில்தான் முதலில் முறையாக ஆராயப்பட்டது. பிரிட்டனில் வையாட், லாங்டன் ஆகியோர் சலிப்பூட்டும் தொடர்வேலையில் ஈடுபட்ட தொழிலாளர்களை ஆராய்ந்து 1937இல் அளித்த அறிக்கையில், வேலையின் இடையே இசை ஒலிக்கும்போது உற்பத்தி கூடுவதைப் பதிவு செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1940 ஜூன் 23 அன்று, பிபிசி வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது 1967வரை ஒலித்தது.

அந்த நிகழ்ச்சியை வடிவமைத்தவர்கள் கடைப்பிடித்த ஒழுங்குகள் இன்றைக்கும் கற்றுக்கொள்ளத் தக்கவை. காலையில் அரைமணி, பிற்பகலில் அரைமணி என்றே தொடங்கினார்கள். இரவுப் பணியாளர்களுக்காக இன்னோர் அரைமணி பின்னர் சேர்ந்தது. நாள் முழுவதும் ஒலிபரப்பவில்லை. மிக மெதுவான இசையையும் தூக்கத்தை வரவழைக்கும் இசையையும் தவிர்த்தார்கள். ஒலி ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள், ஏனெனில் இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே திடீரென்று தாழும் இசை காதில் விழாது. கேட்பவரைக் கைதட்டத் தூண்டும் ஒரு பாடலை, தொழிலாளர்கள் கையிலிருந்த கருவிகளால் தட்டித் தாளம் போடத் தொடங்கினார்கள் என்பதற்காக விலக்கியே வைத்தார்கள். அமெரிக்காவில் 1934இல் உருவான மியூசாக் நிறுவனம் அலுவலகங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கம்பிவழியாக இசை வழங்கியபோது, பதினைந்து நிமிட இசைக்குப் பிறகு பதினைந்து நிமிட அமைதி என்ற முறையைப் பிற்காலத்தில் கையாண்டது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் விறுவிறுப்பு படிப்படியாக ஏறும்படி பாட்டுகளை அடுக்கியது. அவர்களுடைய வணிக நோக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இசையை இடைவெளி விட்டுத் தர வேண்டும், தொடர்ந்து ஒலிக்கும் இசை காதில் விழுவதே நின்றுவிடும் என்ற அவர்களுடைய கணிப்பு சரியானது. எட்டு மணி நேரமும் ஹெட்ஃபோனைக் கழற்றாத ஒருவருக்கு நான்காவது மணி நேரத்தில் இசை என்ன ஊக்கம் தரமுடியும்? அப்போது அது வெறும் பின்னணி இரைச்சலாக மிஞ்சுகிறது. ஊக்கம் போய்விடுகிறது, உள்குரலுக்கான இடையூறு மட்டும் தங்கிவிடுகிறது.

உங்கள் பக்கம் பேசும் ஆய்வுகளும் உண்டு; அவற்றை மறைப்பது நேர்மையாகாது. டெரீசா லெசியுக் 2005இல் வெளியிட்ட ஆய்வு கனடாவின் நான்கு நிறுவனங்களைச் சேர்ந்த மென்பொருள் உருவாக்குநர்களை, அவர்களுடைய சொந்த அலுவலகத்திலேயே ஐந்து வாரங்கள் தொடர்ந்து கவனித்தது. தாங்கள் விரும்பிய இசையை விரும்பியபோது கேட்க விட்ட வாரங்களைவிட, இசையை நிறுத்திய வாரத்தில் மனநிலை தாழ்ந்தது, வேலையின் தரம் குறைந்தது, வேலைக்குப் பிடித்த நேரமும் கூடியது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஆய்வறையில் பதினைந்து நிமிடம் எண்வரிசை சொல்பவருக்குச் சலிப்பு ஒரு பொருட்டல்ல, அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவருக்கு மனநிலையே பாதி வேலை. மேலும், பழகிய ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால் அந்த வாரத்தில் எரிச்சல் வருவதும் இயல்புதான். இசையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையும் இதில் கலந்திருக்கிறது. கரென் ஆலன், ஜிம் பிளாஸ்கோவிச் இருவரும் 1994இல் ஐம்பது அறுவை மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தாங்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டபடி மனக்கணக்குப் போட்டபோது அவர்களுடைய இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைவாகவே ஏறின. பிறர் தேர்ந்தெடுத்த இசையும் இசையின்மையும் அவ்வளவு பயன் தரவில்லை. இந்த ஆய்வை அறுவைச் சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள், சோதிக்கப்பட்டது கழித்தல் கணக்கு என்பதையும், பங்கேற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பணியின்போது இசை கேட்கும் பழக்கமுள்ளவர்கள் என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

யூலியானே கெம்ப்ஃபேயும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் இத்தகைய ஆய்வுகள் பலவற்றையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, மொத்த விளைவு ஏறக்குறைய பூச்சியமாக வந்தது. இதைக் கண்டு "இசையால் ஒன்றுமில்லை" என்று முடிவு செய்தால் தவறு. உள்ளே பிரித்துப் பார்த்தால் படிப்பதற்கு இடையூறு, நினைவுக்குச் சிறு இழப்பு, மனநிலைக்கும் உடற்பயிற்சிக்கும் நன்மை என்று எதிரெதிர்த் திசையில் இழுக்கும் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதால் வந்த பூச்சியம் அது. இசையின் வேகம் கூடினால் செய்யும் செயலின் வேகமும் கூடுகிறது என்பதும் அதே திரட்டில் தெரிந்தது; உங்கள் படிவங்களுக்கு இது பயன்படக்கூடும்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டா என்றால் உண்டு. ஆனால் மக்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. அகமுகமானவர்கள், அதாவது கூட்டத்தைவிடத் தனிமையை நாடுபவர்கள், இசையால் கூடுதலாகப் பாதிக்கப்படுவதைச் சில ஆய்வுகள் கண்டன. முறையாக இசை பயின்றவர்களை நான் அறிந்தவரையில், அவர்களால் இசையைப் பின்னணியாக விட்டுவிடவே முடிவதில்லை. சுரம் எங்கே போகிறது, தாளம் எங்கே விழுகிறது என்று காது தானாகவே பின்தொடர்கிறது.

இன்னொரு சூழலைத் தனியே சொல்ல வேண்டும். உங்கள் அறையில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் தேர்ந்தெடுப்பது இசைக்கும் அமைதிக்கும் இடையே அல்ல, இசைக்கும் பிறர் பேச்சுக்கும் இடையே. அரைகுறையாகக் காதில் விழும், புரிகிற பேச்சைப்போல் எழுத்து வேலையைக் கெடுப்பது வேறொன்றுமில்லை. பேசுபவர்களில் ஒருவர் குரல் மட்டும் கேட்கும் தொலைபேசி உரையாடல் அதிலும் மோசம். அந்த நிலையில் வரிகளற்ற, சீரான கருவியிசை இரண்டு தீமைகளில் சிறியது. அதைவிடவும் நல்லது மழை பெய்வதைப்போன்ற, மாற்றமில்லாமல் ஓடும் ஓசை; அது பேச்சின் மேடுபள்ளங்களை மூடுகிறது, தானாக எந்த வரிசையையும் உண்டாக்குவதில்லை. ஹெட்ஃபோனை எதுவும் ஒலிக்காமல் சும்மா மாட்டிக்கொள்வதுகூடப் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. பேச வருபவர்களும் சற்றுத் தயங்குவார்கள்.

ஒலியின் அளவு பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. வேலை நேரம் முழுவதும் பாட்டுக் கேட்பவருக்கு அந்த 40 மணி நேரம் அலுவலகத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 83 டெசிபெல்லுக்கு 20 மணி நேரம்தான். சுற்றுப்புற இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதைவிட, வெளியோசையைத் தடுக்கும் ஹெட்ஃபோனில் தாழ்ந்த ஒலியில் கேட்பது காதுக்கு நல்லது.

உங்கள் நாளை வைத்து நான் சொல்லக்கூடியது இதுதான். படிவம் நிரப்பும் நேரத்தில் உங்கள் விருப்பப்படி பாட்டுக் கேளுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை சற்று நிறுத்திவையுங்கள். அந்தப் படிவத்திலேயே நீளமான எண்களைத் தாளில் பார்த்து நினைவில் வைத்துத் தட்டச்சு செய்யும் பகுதி இருந்தால், அது உள்குரலின் வேலை என்பதை நினைவில் கொண்டு அங்கே பாட்டை நிறுத்திவிடுங்கள். எண்கள் இடம்மாறுவது அங்கேதான் நடக்கும். அறிக்கையில் தரவுகளைத் திரட்டி அடுக்குவது, அட்டவணைக்கு வண்ணமிடுவது, கோப்புகளைப் பெயரிட்டு வைப்பது போன்றவற்றுக்கு இசை இருக்கலாம். வரைவு எழுதும்போதும், பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும்போதும், அனுப்புவதற்குமுன் கடைசியாகச் சரிபார்க்கும்போதும் வேண்டாம்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. நீங்களே அளந்து பாருங்கள். ஒரே வகையான அறிக்கைகளை இரண்டு வாரங்களுக்கு ஒருநாள் பாட்டோடும் மறுநாள் பாட்டில்லாமலும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதோடு, மறுநாள் காலை மீண்டும் படிக்கும்போது எத்தனை இடங்களைத் திருத்தினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். எழுதும்போது எப்படி இருந்தது என்பதைத் தனியாக வேறொரு பத்தியில் எழுதுங்கள். அந்தப் பத்தி பாட்டுக்குச் சாதகமாகத்தான் இருக்கும், அதைக் கண்டு முடிவு செய்துவிடாதீர்கள். முதல் மூன்று நான்கு நாட்களின் கணக்கைச் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது. பழகிய ஒலி இல்லாத அமைதி தொடக்கத்தில் வெறுமையாகவும் சில நேரம் தாங்க முடியாததாகவும் இருக்கும். எனக்கு அந்த உறுத்தல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று, அதன் பிறகுதான் ஒரு வாக்கியம் எழுதப்படுவதற்கு முன்பே அது எங்கே தடுமாறுகிறது என்பது காதில் விழத் தொடங்கியது.